டெக்சஸில் மான் வேட்டைக்கு முதல் ரைஃபிள்: ஆயிரம் டாலருக்குள் நம்பிச் சுடக்கூடிய துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ரைஃபிள், குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப், அதை மாட்டும் வளையங்கள், பழகுவதற்கான தோட்டாக்கள் எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலர். இந்தத் தொகைக்குள், 200 கஜத்தில் நிற்கும் மானின் நெஞ்சில் நம்பிக்கையோடு குண்டை வைக்கக்கூடிய துப்பாக்கி கிடைக்குமா? தாராளமாகக் கிடைக்கும். இன்று அமெரிக்கக் கடைகளில் 500 டாலருக்கு விற்கும் பல ரைஃபிள்கள், அவற்றைச் சுடும் புதியவரைவிடத் துல்லியமானவை. அதனால் பணத்தைத் துப்பாக்கியில் கொட்டாமல், அதற்குப் பொருத்தமான தோட்டாவைக் கண்டுபிடிப்பதிலும் பழகுவதிலும் போடச் சொல்கிறேன். கீழே இருக்கும் ஒவ்வொரு படியும் அந்த எண்ணத்தில்தான் எழுதப்பட்டது.

இது டெக்சஸ் மாநிலத்துக்கான வழிகாட்டி. குறிப்பாக லானோ, மேசன் பக்கத்து ஹில் கன்ட்ரி என்ற மலைப்பாங்கான பகுதியில் வெள்ளைவால் மானும் காட்டுப்பன்றியும் வேட்டையாட நினைப்பவர்களுக்கு. மற்ற மாநிலங்களில் சட்டம் மாறும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

படி 1: துப்பாக்கியைத் தொடும் முன் உங்கள் விசாவைப் பாருங்கள்

நம்மவர்கள் பலர் எச்1பி, எல்1, எஃப்1 போன்ற விசாக்களில் இருப்பதால் இதை முதலில் வைக்கிறேன். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. வாங்குவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம். நண்பரோடு ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சிக் களத்துக்கு)ப் போய் வாடகைத் துப்பாக்கியில் சுட்டுப் பார்ப்பதும் இதில் அடங்கும். இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் முக்கியமானது, அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் ஒன்றை வைத்திருப்பது.

"செல்லுபடியாகும்" என்பதில்தான் கவனம் வேண்டும். டெக்சஸின் வருடாந்திர வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும், எந்த மாதத்தில் வாங்கியிருந்தாலும் சரி. புது உரிமம் ஆகஸ்ட் 15 வாக்கில் விற்பனைக்கு வரும். விசாவில் இருப்பவர் செப்டம்பர் 1 அன்று புது உரிமம் இல்லாமல் வீட்டில் ரைஃபிள் வைத்திருந்தால், அவருக்கு விதிவிலக்கு இல்லை. குடியேற்ற விஷயத்தில் இதன் பின்விளைவு கடுமையாக இருக்கும், அதனால் வாங்குமுன் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு முறை பேசிவிடுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

அடுத்தது வேட்டைப் பயிற்சி வகுப்பு. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்சஸில் வேட்டையாட இந்த வகுப்பை முடித்திருக்க வேண்டும். 17 வயது நிரம்பியவர்கள் இணையத்திலேயே முடித்துவிடலாம். ஆனாலும் நேரில் நடக்கும் வகுப்புக்குப் போவதே மேல். வேலியைத் தாண்டும்போது துப்பாக்கியை என்ன செய்வது, மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று காட்டினால்தான் உடம்பில் ஏறும்.

கடையில் வாங்கும்போது 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். விசாவில் இருப்பவர் வேட்டை உரிமத்தையும் குடிவரவு ஆவணங்களையும் காட்ட வேண்டியிருக்கும்.

படி 2: எவ்வளவு துல்லியம் உங்களுக்குத் தேவை?

விளம்பரங்களில் "ஒரு எம்.ஓ.ஏ. உத்தரவாதம்" என்று பார்ப்பீர்கள். எம்.ஓ.ஏ. என்பது கோண அளவு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 கஜத்தில் அது 1.047 அங்குலம். நடைமுறையில் ஒரு அங்குலம் என்றே வைத்துக்கொள்வார்கள். 200 கஜத்தில் இரண்டு அங்குலம், 300-இல் மூன்று.

மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் எட்டு அங்குல விட்டம். ஹில் கன்ட்ரி மான்கள் வடக்கு மாநிலத்து மான்களைவிடச் சிறியவை, அதனால் ஆறு அங்குலம் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஒன்றரை எம்.ஓ.ஏ. சுடும் ரைஃபிள் 200 கஜத்தில் மூன்று அங்குல வட்டத்துக்குள் குண்டுகளை வைக்கும். அதாவது குறியிலிருந்து எந்தப் பக்கமும் ஒன்றரை அங்குலம் விலகலாம். உங்கள் கை நடுக்கத்துக்கும் காற்றுக்கும் இன்னும் ஒன்றரை அங்குலம் மிச்சம் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் மறைவிடத்திலிருந்து சுடும் தூரம் பெரும்பாலும் 75 முதல் 150 கஜம்தான். ஆகவே ஒன்றரை எம்.ஓ.ஏ. போதும். அரை எம்.ஓ.ஏ. துப்பாக்கிக்கு இன்னொரு ஆயிரம் டாலர் கொடுப்பதால் மானுக்கும் உங்களுக்கும் எந்த லாபமும் இல்லை.

இந்தக் கணக்கை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நுரையீரலில் பட்ட மான் சில நொடிகளில் விழும். வயிற்றில் பட்ட மான் மணிக்கணக்கில் துடித்து, எங்கோ புதருக்குள் போய்ச் சாகும். ஒரு உயிரை எடுக்கப்போகிறவர் அதை வேதனையில்லாமல் எடுக்கக் கடமைப்பட்டவர். அந்தக் கடமைக்காகத்தான் துல்லியத்தைப் பற்றி இவ்வளவு பேசவேண்டியிருக்கிறது.

படி 3: ஆயிரம் டாலரைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ரைஃபிளுக்கு 500. ஸ்கோப்புக்கு 200. வளையங்களுக்கு 40. ஆறு பெட்டித் தோட்டாவுக்குச் சுமார் 180. காது, கண் பாதுகாப்புக்கு 40. தோள்வார், சுடும்போது தாங்கும் குச்சிகளுக்கு 40. விலை கடைக்குக் கடை மாறும், ஆனால் விகிதத்தை மாற்றாதீர்கள். புதியவர்கள் பெரும்பாலும் 850 டாலருக்கு ரைஃபிள் வாங்கிவிட்டு ஒரே ஒரு பெட்டித் தோட்டாவோடு காட்டுக்குக் கிளம்புகிறார்கள்.

காதுப் பாதுகாப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். ரைஃபிள் வெடிச் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 140-க்கு மேல் ஒரே ஒரு சத்தம்கூட கேட்கும் திறனை நிரந்தரமாகக் கெடுக்கலாம். ரேஞ்சில் உள்ளே நுரைப்பஞ்சு அடைப்பான், வெளியே காதுமூடி, இரண்டும் போடுங்கள்.

படி 4: துப்பாக்கிக்கு முன் தோட்டாவைத் தேர்ந்தெடுங்கள்

டெக்சஸில் மானைச் சுட சென்டர்ஃபயர் தோட்டா (அடிப்பகுதியின் நடுவில் அடித்து வெடிக்கும் வகை) வேண்டும். .22 ரிம்ஃபயர் (அடிப்பகுதியின் விளிம்பில் அடித்து வெடிக்கும் சிறிய தோட்டா) கூடாது. மற்றபடி தேர்வு பரந்தது. புதியவருக்கு நான் சொல்வது நான்கே நான்கு.

.243 வின்செஸ்டர் 1955-இல் வந்தது. உதை, அதாவது வெடிக்கும்போது துப்பாக்கி தோளில் இடிப்பது, மிகக் குறைவு. ஒல்லியானவர்கள், பதின்வயதினர், சத்தத்துக்கும் உதைக்கும் பயப்படுகிறவர்கள் இதில் ஆரம்பிக்கலாம். மானுக்கு 95 அல்லது 100 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு எடுங்கள். அதைவிட லேசானவை பெரும்பாலும் கொயோட்டி போன்ற சிறு விலங்குகளுக்கானவை, மானின் தோள்பட்டையில் பட்டால் மேலேயே சிதறிவிடலாம்.

6.5 கிரீட்மோர் 2007-இல் தூரத்து இலக்குப் போட்டிகளுக்காக உருவானது. இன்று வேட்டைக்கும் மிகப் பரவலாக இருக்கிறது. உதை மிதம், காற்றில் விலகலும் குறைவு. விலை மலிவான ரைஃபிள்கள்கூட இந்தத் தோட்டாவில் நன்றாகச் சுடுவதைப் பார்க்கலாம்.

.308 வின்செஸ்டர் 1952-ஆம் ஆண்டுக்காரர். எந்தச் சிற்றூர்க் கடைக்குப் போனாலும் அலமாரியில் இருக்கும். உதை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் தாங்கக்கூடியது. மானோடு பெரிய பன்றியையும் சுட நினைப்பவர்கள் 150 அல்லது 165 கிரெயின் குண்டோடு இதை எடுத்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

7 எம்.எம்.-08 ரெமிங்டன், .243-க்கும் .308-க்கும் நடுவில் அருமையான தோட்டா. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஆனால் எல்லாக் கடைகளிலும் கிடைக்காது, தேர்வும் குறைவு. செலவைக் கணக்குப் பார்க்கும் முதல் ரைஃபிளுக்கு அதனாலேயே இதைக் கடைசியில் வைக்கிறேன்.

.30-06, .270 இரண்டும் நூறாண்டு பார்த்த நல்ல தோட்டாக்கள், வீட்டில் பெரியவர் யாராவது கொடுத்தால் மறுக்காதீர்கள். மேக்னம் என்று பெயரில் வரும் எதுவும் முதல் ரைஃபிளுக்கு வேண்டாம். உதைக்குப் பயந்து டிரிகரை வெட்டி இழுக்கும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் அதைப் போக்குவது பெரும்பாடு. .223-ஐயும் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் குண்டு சரியான இடத்தில் படாவிட்டால் அதில் திருத்திக்கொள்ள இடமே இல்லை. அனுபவம் வந்தபின் பார்க்கலாம்.

படி 5: விலை குறைந்தும் நன்றாகச் சுடும் ரைஃபிள்கள்

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளையே, அதாவது ஒவ்வொரு முறையும் போல்ட் என்ற தண்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகையையே எடுங்கள். எளிய அமைப்பு, சுத்தம் செய்ய வசதி, கொடுக்கும் காசுக்குத் துல்லியம் அதிகம்.

மலிவு ரைஃபிள்கள் எப்படி இவ்வளவு நன்றாகச் சுடுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் கடைக்காரர் பேச்சில் மயங்க மாட்டீர்கள். தோட்டா உட்காரும் அறைக்கும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளி மிக நுட்பமாக இருக்க வேண்டும். பழைய முறையில் அதைச் சரிசெய்யத் தேர்ந்த கைகள் வேண்டும், அதற்குக் கூலி ஆகும். சாவேஜ் நிறுவனம் 1958-இல் கொண்டுவந்த 110 மாடலில், குழலை ஒரு பெரிய நட் போட்டு இறுக்கும் முறையைப் பயன்படுத்தியது. குழலை அளவுமானி தொடும் வரை திருகி, நட்டை இறுக்கினால் இடைவெளி சரியாகிவிடும். இன்று பல நிறுவனங்கள் இதே வழியில் போகின்றன. கணினி இயந்திரங்கள் பாகங்களை ஒரே அளவில் வெட்டுகின்றன. மிச்சப்படுத்தும் காசு வழவழப்பிலும், உலோகப் பாகங்களைத் தாங்கும் மரக் கட்டையிலும் மெருகிலும்தான் மிச்சமாகிறது. குழலில் யாரும் பெரிதாகக் குறைப்பதில்லை.

ரூகர் அமெரிக்கன்தான் இந்த விலையில் என் முதல் பரிந்துரை. பிளாஸ்டிக் கட்டைக்குள் பதித்த உலோகத் தாங்கிகளில் இதன் உடல் உட்காருகிறது, அதனால் ஒவ்வொரு வெடிக்கும் பிறகு அதே இடத்துக்குத் திரும்பும். டிரிகரின் எடையை வாங்கியவரே கூட்டிக் குறைக்கலாம். போல்ட் கொஞ்சம் கரகரக்கும், பழகப் பழகச் சரியாகும்.

சாவேஜ் ஆக்ஸிஸ் இன்னும் மலிவு. பழைய ஆக்ஸிஸின் அடிப்படை மாடலில் டிரிகர் கனம். ஆக்ஸிஸ் 2-இல் அக்யூட்ரிகர் என்ற மாற்றியமைக்கக்கூடிய டிரிகர் உண்டு, விலை வித்தியாசத்துக்கு மேல் பலன் தரும். இதன் கட்டை வளையக்கூடியது, அதைப் பற்றி அடுத்த படியில் சொல்கிறேன்.

ஹோவா 1500 ஜப்பானில் செய்வது. வெதர்பியின் வேன்கார்டு ரைஃபிளையும் ஹோவாதான் செய்துகொடுக்கிறது. கனமான, உறுதியான துப்பாக்கி. அந்தக் கனமே உதையைக் குறைக்கும். மறைவிடத்தில் உட்கார்ந்து சுடுபவருக்குக் கனம் ஒரு பொருட்டல்ல.

டிக்கா டி3எக்ஸ் லைட் பட்ஜெட்டைத் தாண்டும். பின்லாந்தில் சாகோ தொழிற்சாலையில் உருவாகிறது. போல்ட் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் ஓடும், டிரிகர் அற்புதம். இன்னும் 300 டாலர் உண்மையிலேயே கையில் இருந்தால், தோட்டாவுக்கான பணத்தில் கை வைக்காமல் வாங்க முடிந்தால், இதை வாங்குங்கள்.

மாஸ்பெர்க் பேட்ரியட், வின்செஸ்டர் எக்ஸ்.பி.ஆர். இரண்டும் நல்லவையே. கையில் எது பொருந்துகிறதோ அதுவே முடிவு செய்யட்டும்.

படி 6: கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

கடைக்காரர் போல்ட்டைத் திறந்து காலி என்று காட்டியபிறகும், நீங்களே கண்ணாலும் விரலாலும் பார்த்து உறுதி செய்யுங்கள். குழல் எப்போதும் ஆளில்லாத பக்கமே இருக்கட்டும்.

கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வையுங்கள். கன்னம் கட்டையில் இயல்பாகப் படியட்டும். பிறகு கண்ணைத் திறங்கள். ஸ்கோப் மாட்டியிருந்தால் முழு வட்டமும் கறுப்பு ஓரம் இல்லாமல் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டவோ தலையைத் தூக்கவோ வேண்டியிருந்தால் அளவு பொருந்தவில்லை. டிரிகரிலிருந்து, தோளில் படும் கட்டையின் பின்நுனிவரை பெரும்பாலான ரைஃபிள்களில் பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். அது ஆறடி அமெரிக்கருக்கான அளவு. ஐந்தடி நான்கு அங்குலம் உள்ளவர்களுக்கு காம்பாக்ட் மாடல் ஒன்றரை மடங்கு சுகமாக இருக்கும். "சிறுவர் துப்பாக்கி" என்று பெயர் போட்டிருந்தால் கூச்சப்படாதீர்கள், நம் பெண்களில் பலருக்கும் அதுதான் சரியான அளவு.

அடுத்து ஒரு டாலர் நோட்டை எடுத்து, குழலுக்கும் கட்டையின் முன்பகுதிக்கும் நடுவில் நுழைத்து, பின்னோக்கி இழுத்துக்கொண்டே போங்கள். தோட்டா அறைக்குக் கிட்டத்தட்ட வரும்வரை தடையில்லாமல் போக வேண்டும். குழல் எதையும் தொடாமல் நிற்கிறது என்று அர்த்தம். பிறகு கட்டையின் முன்பகுதியைக் கையால் குழலை நோக்கி அழுத்திக்கொண்டு மறுபடி நோட்டை இழுத்துப் பாருங்கள். சிக்கினால், மணல் மூட்டையில் சாய்க்கும் விதத்தைப் பொறுத்து குண்டு விழும் இடம் மாறக்கூடும். மெல்லிய பிளாஸ்டிக் கட்டைகளில் இது சகஜம். அதற்காகவே ஒதுக்க வேண்டாம், முன்பகுதியின் நுனியில் சாய்க்காமல் துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் மேகசினுக்கு அருகில் சாய்த்துச் சுட்டால் போதும்.

டிரிகரை, கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, காலியாக இழுத்துப் பாருங்கள். மணலில் இழுப்பதுபோல் நெளிந்து நெளிந்து வரக்கூடாது. எதிர்பாராமல் டக்கென்று விட வேண்டும். இரண்டரை முதல் மூன்றரை பவுண்டு எடை வேட்டைக்கு நல்லது. குளிரில் கையுறை போட்டுச் சுடுபவருக்கு அதைவிட லேசான டிரிகர் ஆபத்து.

இடது கைக்காரர்கள் வலது கைத் துப்பாக்கியில் சமாளிக்க வேண்டாம். சாவேஜ், டிக்கா, ரூகர் மூன்றிலும் இடது கை மாடல்கள் உண்டு.

படி 7: பழையது வாங்கினால்

நல்ல பழைய ரைஃபிளில் புதியதைவிடத் தரம் கூடுதலாகவே கிடைக்கலாம். டார்ச் அடித்துக் குழலுக்குள் பாருங்கள், வரிப்பள்ளங்கள் கூர்மையாகத் தெரிய வேண்டும், கரும்புள்ளி அரிப்பு கூடாது. குழலின் வாய் விளிம்பில் ஒரு சிறு நசுங்கல்கூட இருக்கக் கூடாது. குண்டு கடைசியாகத் தொடும் இடம் அது. கட்டைக்கும் உலோகத்துக்கும் நடுவில் துரு தெரிகிறதா பாருங்கள். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் யாரோ விஷயம் தெரியாமல் பிரித்திருக்கிறார்கள்.

ரெமிங்டன் 700 அடகுக் கடைகளில் நிறையக் கிடைக்கும். 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை செய்த, எக்ஸ்-மார்க் ப்ரோ டிரிகர் உள்ள மாடல்களை நிறுவனமே 2014-இல் திரும்ப அழைத்தது. டிரிகரைத் தொடாமலே வெடிக்கக்கூடும் என்பதே காரணம். அந்தக் காலத்து ரைஃபிள் என்றால் டிரிகர் மாற்றப்பட்டதற்கு ஆதாரம் கேளுங்கள், இல்லையென்றால் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) வேறு டிரிகர் போட்டபின்தான் தோட்டா ஏற்ற வேண்டும்.

படி 8: ஸ்கோப்

3-9x40 (மூன்று முதல் ஒன்பது மடங்குவரை பெரிதாக்கிக் காட்டும், முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர்) போதும். மானுக்கு மூன்று, நான்கு மடங்கில் வைத்துச் சுடுவதே அதிகம். பெரிய எண் பெரிய பலன் அல்ல. விடியலிலும் அந்தியிலும் தெளிவாகத் தெரிவதும், உதையில் அசையாமல் இருப்பதுமே முக்கியம். துப்பாக்கியோடு பெட்டியில் சேர்த்து விற்கும் ஸ்கோப்புகள் பெரும்பாலும் சுமார் ரகம்தான். ஸ்கோப் இல்லாத ரைஃபிளை வாங்கி, லூபோல்ட், வோர்டெக்ஸ் போன்ற வாழ்நாள் உத்தரவாதம் தரும் நிறுவனத்தின் ஆரம்ப விலை ஸ்கோப்பைத் தனியாக எடுங்கள்.

குறி ஆடுகிறது என்று புலம்பும் பல துப்பாக்கிகளில் கோளாறு குழலில் இருக்காது, தளர்ந்த திருகில் இருக்கும். அடித்தளத் திருகுகளின் எண்ணெயைத் துடைத்துவிட்டு, நிறுவனம் சொன்ன அளவுக்கு, அளவு காட்டும் திருப்புளியால் இறுக்குங்கள். வளையத் திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஸ்கோப்பின் பின்முனைக்கும் புருவத்துக்கும் மூன்றரை அங்குலம் குறையாமல் இருக்கட்டும், இல்லையென்றால் உதையில் புருவம் கிழியும்.

படி 9: குறி அமைப்பதும் தோட்டாப் பரீட்சையும்

போல்ட்டைக் கழற்றிவிட்டு, ரைஃபிளை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, குழல் வழியாகவே 25 கஜத்து இலக்கைப் பாருங்கள். இலக்கு குழலின் நடுவில் தெரியும்போது, துப்பாக்கியை அசைக்காமல் ஸ்கோப்பின் குறுக்குக் கோட்டை அதே இடத்துக்குத் திருப்புங்கள். இப்போது 25 கஜத்தில் ஒரு குண்டு. பெரும்பாலான ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ., எனவே 25 கஜத்தில் ஒரு அங்குலம் நகர்த்த 16 கிளிக், 100 கஜத்தில் 4 கிளிக். 25-இல் நடுவுக்கு வந்ததும் 100-க்குப் போங்கள். இப்படிச் செய்தால் காகிதத்தில் படாத குண்டுகளுக்குப் பணம் போகாது.

ஒரே துப்பாக்கி ஒரு தோட்டாவில் ஒரு அங்குலம் சுடும், இன்னொன்றில் மூன்று அங்குலம் சிதறும். எது பொருந்தும் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் ஆறு பெட்டி. மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் தோட்டாவை ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். சாதாரண சாஃப்ட் பாயிண்ட் போதும், உள்ளே போய் விரியும் குண்டாக இருக்க வேண்டும் அவ்வளவுதான். முழு உலோக உறை போட்ட குண்டுகள் விரியாமல் துளைத்துக்கொண்டு போகும், மானுக்கு அவை வேண்டவே வேண்டாம்.

ஒவ்வொரு வகையிலும் ஐந்து குண்டு, இரண்டு முறை. மூன்று குண்டு சுட்டுப் படம் போடும் பழக்கத்தை நம்பாதீர்கள். மூன்று குண்டு குரூப்பின் (இலக்கில் விழுந்த துளைகளின் பரப்பு) சராசரி ஒரு அங்குலம் வரும் துப்பாக்கியில், ஐந்து குண்டு சராசரி சுமார் ஒன்றேகால் அங்குலம் வரும், பத்து குண்டு ஒன்றரையைத் தாண்டும். துப்பாக்கி கெட்டுவிடவில்லை, குண்டுகள் கூடக்கூட உண்மையான பரப்பு வெளியே தெரிகிறது. ஐந்து குண்டில் ஒன்றரை அங்குலத்துக்குள் வந்தால் நீங்கள் தேடிய துப்பாக்கி கையில் இருக்கிறது.

வேட்டை ரைஃபிளின் மெல்லிய குழல் மூன்று, நான்கு வெடிக்குள் சூடேறிவிடும். சூட்டில் குண்டுகள் ஒரு பக்கமாக நகரும். ஒவ்வொரு குரூப்புக்கும் நடுவில் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு, குழலைக் கையால் தொட்டுக்கொண்டிருக்க முடிகிற அளவு ஆறும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டுச் சுட்டுவிட்டுத் துப்பாக்கியைத் திட்டுவது நியாயமில்லை.

ஜெயித்த தோட்டாவில் மிச்ச மூன்று பெட்டியையும், முடிந்தால் ஒரே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்), வாங்கிவிடுங்கள். .308, 6.5 கிரீட்மோர் போன்றவற்றில் 100 கஜத்தில் குண்டு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் மேலே விழும்படி வைத்தால், 200 கஜம்வரை குறியை மாற்றாமல் நேராக நெஞ்சிலேயே வைக்கலாம்.

படி 10: ஆறிய குழலின் முதல் குண்டு

எனக்குத் தெரிந்து பலரும் தவிர்ப்பது இந்தச் சோதனையைத்தான். மான் உங்களுக்கு ஐந்து குண்டு தராது. விடியற்காலையில், முந்தின நாளிலிருந்து சுடப்படாத குளிர்ந்த குழலிலிருந்து கிளம்பும் முதல் குண்டு எங்கே போகிறதோ அதுவே எல்லாம். சில துப்பாக்கிகளில் அந்த முதல் குண்டு மட்டும் தனியாக ஒரு அங்குலம் தள்ளிப் போகும். நன்றாகத் துடைத்து எண்ணெய் போட்ட குழலில் இது இன்னும் அதிகம்.

ஒரு காகித இலக்கை எடுத்துத் தேதி போட்டுக்கொள்ளுங்கள். ரேஞ்சுக்குப் போகும் ஒவ்வொரு நாளும், வேறெதுவும் சுடுமுன், அதில் ஒரே ஒரு குண்டு. பிறகு கழற்றி மடித்து வைத்துவிடுங்கள். அடுத்த முறை அதே காகிதம், அதே இடம், இன்னொரு குண்டு. ஐந்து நாள் ஆனதும் அதில் ஐந்து துளை இருக்கும். ஒன்று வெயிலில், ஒன்று வாடைக்காற்றில், ஒன்று நீங்கள் களைத்திருந்த நாளில் விழுந்தது. அந்த ஐந்து துளைகளின் பரப்புதான் உங்கள் ரைஃபிளும் நீங்களும் சேர்ந்த உண்மையான துல்லியம். அவற்றின் நடுப்புள்ளியைப் பார்த்துத்தான் ஸ்கோப்பைக் கடைசியாகத் திருத்த வேண்டும். அதன்பிறகு சீசன் முடியும்வரை குழலைச் சுத்தம் செய்யாதீர்கள், வெளிப்புறத்தை மட்டும் துடையுங்கள். மழையில் நனைந்தால் மட்டும் விதிவிலக்கு.

படி 11: உங்கள் தூரத்தை நீங்களே கண்டுபிடியுங்கள்

மேசையிலிருந்து எழுந்து வாருங்கள். தரையில் உட்கார்ந்து, தாங்கு குச்சிகளில் சாய்த்து, ஆறு அங்குலக் காகிதத் தட்டு ஒன்றைச் சுடுங்கள். 50 கஜத்தில் ஐந்தும் தட்டில் பட்டால் 100. அதிலும் ஐந்தும் பட்டால் 150. ஒன்று தவறினாலும் முந்தைய தூரமே உங்கள் எல்லை. மேசையில் ஒரு அங்குலம் சுடுகிறவர் உட்கார்ந்து சுட்டால் ஐந்து அங்குலம் ஆவது சாதாரணம். அதற்குத் தீர்வு பழக்கம் மட்டுமே, விலை கூடிய துப்பாக்கி அல்ல. எல்லை 100 கஜம் என்று வந்தால் 140-இல் நிற்கும் மானை விட்டுவிட வேண்டும், எவ்வளவு பெரிய கொம்பாக இருந்தாலும்.

வீட்டிலும் பயணத்திலும்

தோட்டா ஏற்றாமல், பூட்டிய அலமாரியில் ரைஃபிள். தோட்டாக்கள் வேறு பூட்டில். டெக்சஸில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி, ஏற்றிய துப்பாக்கியை விட்டு வைப்பதே குற்றம். பெட்டியோடு பெரும்பாலும் ஒரு கம்பிப் பூட்டு வரும், ஆனால் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது போதாது, இரும்பு அலமாரி வாங்குங்கள்.

கடைசியாக, ஊருக்குப் போகும் நம்மவர்களுக்கு ஒன்று. ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையை விமானப் பயணத்துக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். ஓரத்து ஜிப்பில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா இந்திய விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால், ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு, கைது, கடவுச்சீட்டு முடக்கம் என்று விடுமுறையே நீதிமன்றத்தில் போகும். வெடித்த வெற்று உறைகூட விசாரணைக்கு இழுக்கும். வேட்டைச் சட்டை, கோட்டுப் பாக்கெட்டுகளையும் தலைகீழாக உதறிப் பார்த்துவிட்டே பெட்டி கட்டுங்கள்.